அரை எம்பிக்குள் 151 போகிமான்

"முதல் போகிமான் கேம் மொத்தமே 512 கேபிதானாமே, 151 போகிமான் படங்களும் அதற்குள் எப்படிப் போயின?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பெரிசு, ஆகவே நியாயமான கேள்வி.

இந்த கேமைச் செய்த கேம் ஃப்ரீக், முதலில் 1983-ல் சடோஷி தஜிரி கையால் எழுதி ஸ்டேப்ளர் அடித்து விற்ற பத்திரிகை. 1989-ல் கம்பெனி ஆனது, 1996 பிப்ரவரியில் ஜப்பானில் முதல் போகிமான் கேம்களான ரெட், கிரீன் வந்தன. சரி, படத்துக்கு வருவோம்.

அவை ஓடிய கேம்பாய் என்ற நின்டெண்டோ கையடக்கக் கருவியில் நாலே நிறச்சாயல், எனவே புள்ளிக்கு 2 பிட். பெரிய படம் 56-க்கு 56 புள்ளி, அதாவது 784 பைட் (8 பிட் ஒரு பைட்). 151-ஐயும் அந்த அளவில் அப்படியே வைத்தால் கேம் இருக்கும் 512 கேபி கார்ட்ரிஜில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். அதனால் படத்தை ஒரு பிட்டுக்கு ஒன்றாக இரண்டு அடுக்காகப் பிரித்தார்கள். அப்புறம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை: புள்ளி கறுப்பா வெள்ளையா என்று எழுதாமல், முந்தைய புள்ளியிலிருந்து மாறியதா என்று மட்டும் எழுதுவது. 000111100 என்ற வரிசை 000100010 ஆகிவிடும். வயிறு, முதுகு என்று ஒரே திட்டாக இருக்கும் இடமெல்லாம் வெறும் சுழியம், ஓரக்கோட்டில் மட்டும் ஒன்று. நீளமான சுழிய வரிசையை ஒவ்வொன்றாக எழுதுவானேன், இத்தனை ஜோடி சுழியம் என்று எண்ணிக்கை போட்டால் போதுமே. சண்டையில் நம் போகிமானைப் பின்னாலிருந்து காட்டும் முதுகுப் படங்களில் இன்னும் கஞ்சத்தனம், சின்னதாக வரைந்து திரையில் இரண்டு மடங்காக ஊதினார்கள், அதனால்தான் அவை சொரசொரவென்று இருக்கும்.

மிசிங்நோ, அதாவது நிரல் கோளாறால் தோன்றும் போலிப் போகிமான், வந்தால் சேவ் செய்த ஆட்டம் மொத்தமும் அழிந்துவிடும் என்று ஒரு மூடநம்பிக்கை உண்டு. பேயும் இல்லை, சாபமும் இல்லை. படமே அல்லாத குப்பை பைட்டுகளைப் படம் என்று நம்பி சுருக்கிய படத்தை விரிக்கும் நிரல் விரிக்கப் பார்க்கிறது, விரித்தது ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, பக்கத்தில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேம் (ஆட்டத்தை ஜெயித்த அணிகளின் பட்டியல்) பதிவின் மேல் கொட்டுகிறது, அவ்வளவுதான்.

151-ஆவது போகிமானான மியூவும் இந்தச் சிக்கனத்தில் பிழைத்ததுதான். பிழை திருத்தும் கருவிகளைக் கடைசியில் நீக்கியபோது சுமார் 300 பைட் மிஞ்சியது, கேம் ஃப்ரீக்கின் நிரலாளர் ஷிகெகி மொரிமோட்டோ அதில் மியூவை நுழைத்துவிட்டார். சுருக்காமல் வைத்தால், இருப்பதிலேயே சிறிய 40-க்கு 40 படத்துக்கே 400 பைட் வேண்டும்.