ஒளிந்தவன் ஒழிந்துவிட்டால்? கூட்டாகக் கதை எழுதுவோருக்கு மெய்ப்புப் பழக்கங்கள்

“காவலன் கதவுக்குப் பின்னால் ஒழிந்தான்” என்று ஒருவர் எழுதி அனுப்புகிறார். அவர் மனத்தில் இருப்பவன் பதுங்கி நிற்கும் காவலன். ரோல்பிளேயில், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாக முறைவைத்து எழுதும் கூட்டுக்கதையில், அடுத்த முறை எழுத வேண்டியவர் அதைப் படித்துவிட்டு, காவலன் கதை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார். தன் பாத்திரத்தின் கையால் அவன் இடுப்புச் சாவியை எடுத்துச் சிறைக்கதவைத் திறந்துவிடுகிறார். மூன்றாமவர் அதற்குள் தப்பியோடும் காட்சியைப் பாதி எழுதிவிட்டார். மாறியது ஓர் எழுத்துதான்.

மெய்ப்புப் பார்ப்பது, அதாவது எழுதியதில் பிழை தேடித் திருத்துவது, என் தொழில். அச்சுக்குப் போகும் புத்தகங்களோடு, பொழுதுபோக்காகத் தொடர்கதையும் ரோல்பிளேயும் எழுதுபவர்கள் பார்த்துத் தரச் சொல்லும் பக்கங்களையும் படிக்கிறேன். புத்தகத்தில் ஒரு பிழை தப்பிவிட்டால் வாசகர் முகம் சுளிப்பார்; அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். கூட்டாக எழுதும் கதையில் அந்த வசதி இல்லை. உங்கள் வரியை நம்பித்தான் இன்னொருவர் அடுத்த வரியை எழுதுகிறார். பிழை அங்கே கதையின் நிகழ்ச்சியாகவே மாறிவிடுகிறது. “பொழுதுபோக்குதானே, இதற்குமா மெய்ப்பு?” என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் வரிக்காக ஒருவர் தன் ஓய்வு நேரத்தை ஒதுக்கிவைத்துக் காத்திருக்கிறார். அவர் கைக்கு நீங்கள் நினைத்த வரி போய்ச் சேர வேண்டும்.

எல்லாப் பிழைக்கும் ஒரே எடை இல்லை. “வந்துக் கொண்டிருந்தான்” என்று வேண்டாத இடத்தில் ‘க்’ போட்டால் கண்ணை உறுத்தும், ஆனால் யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். “வாளை உரையில் செருகினான்” என்பதைக்கூட வாசகர் ‘உறை’ என்று தானே மாற்றிப் படித்துவிடுவார். ஆபத்து எங்கே என்றால், இரண்டு சொல்லும் அதே வாக்கியத்தில் பொருந்தும்போது. இரந்தான் என்றால் பிச்சை கேட்டான், இறந்தான் என்றால் செத்தான். “கிழவன் கோட்டை வாசலில் இரந்தான்” என்ற வரியில் இரண்டுமே நிற்கும். ‘கொள்ள’ச் சொன்ன தளபதி, ‘கொல்ல’ச் சொன்னவராகிவிடுவார்.

இதில் இன்னொரு வகை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. “அவள் கடிதத்தை எரிந்தாள்” என்று வந்திருக்கிறது. இலக்கணப்படி அது நிற்காது. எனவே படிப்பவர் மனத்துக்குள்ளேயே திருத்திக்கொள்கிறார். ஒருவர் ‘எறிந்தாள்’ என்று திருத்துவார், இன்னொருவர் ‘எரித்தாள்’ என்று. எறிந்த கடிதத்தை அடுத்த காட்சியில் வேறொருவன் பொறுக்கி எடுக்கலாம், எரித்த கடிதம் போனது போனதுதான். கதையின் போக்கே இரண்டாகப் பிரிந்துவிட்டது, பிரிந்தது யாருக்கும் தெரியவும் தெரியாது.

இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் வரும் க், ச், த், ப் என்ற ஒற்றிலும் இதே நிலைமை உண்டு. போர்க்களத்தில் வீரன் “வேலை கொடு!” என்று கேட்டால் உத்தியோகம் கேட்கிறான். “வேலைக் கொடு!” என்றால்தான் அவன் கைக்கு வேல் வரும். ‘தந்த பெட்டி’ யாரோ கொடுத்தது, ‘தந்தப் பெட்டி’ யானைத் தந்தத்தால் செய்தது. இந்த ஒற்று எங்கே வரும் என்று சொல்லும் சந்தி விதிகள் முழுவதையும் மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். ‘ஐ’, ‘கு’ என்ற வேற்றுமை உருபுகளுக்குப் பின்னும், அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்றுப் போடுங்கள். வந்த பெண், பார்த்த கண், கேட்காத கேள்வி போன்ற இடங்களில் போடாதீர்கள். பொழுதுபோக்கு எழுத்தில் நான் திருத்தும் சந்திப்பிழைகளில் பெரும்பகுதி இவ்வளவுக்குள் அடங்கிவிடும். ஒற்றை விட்டுவிடுபவர்களைவிட, பயந்துபோய்க் கண்ட இடத்திலெல்லாம் ஒற்றுப் போடுபவர்களைத்தான் இப்போது அதிகம் பார்க்கிறேன்.

பிழை விடுபவருக்குத் தமிழ் தெரியாது என்று முடிவுகட்டுவது அநியாயம். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கும் விசைப்பலகையில் ஒரே தட்டலுக்குப் பல சொற்கள் வரிசைகட்டும். முதலில் நிற்பதை விரல் தொட்டுவிடும். ஒளிந்தானுக்கும் ஒழிந்தானுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தவர்தான் அதை அனுப்புகிறார். தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ ஒவ்வொன்றுக்கும் தனி விசை இருப்பதால் இந்த வகைத் தடுமாற்றம் குறையும். தட்டாமல் கைப்பேசியிடம் பேசியே எழுதுபவர்கள் நிறுத்தக்குறிகளையும் ஒற்றுகளையும் தனியாக ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

மென்பொருள் உதவுமா? உதவும், ஓரளவுக்கு. எழுத்துப்பிழைக்கு ‘வாணி’, சந்திப்பிழைக்கு ‘நாவி’ என்று இணையத்தில் தமிழுக்கே செய்யப்பட்ட திருத்திகள் இருக்கின்றன, பயன்படுத்துங்கள். ஆனால் ஒழிந்தான், இறந்தான், பலி, பழி எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள். சொல்லைத் தனித்தனியாகப் பார்க்கும் எந்தத் திருத்திக்கும் அவை பிழையாகத் தெரியாது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் “திருத்திக் கொடு” என்று தருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. “அவன் போயிட்டான்டா” என்று உங்கள் பாத்திரம் பேசுவதை அது “அவன் சென்றுவிட்டான்” என்று மாற்றிக் கொடுத்துவிடக்கூடும். பிழை போய்விடும், கூடவே ஆளும் போய்விடுவான். பிழைகளைச் சுட்டிக்காட்ட மட்டும் கேளுங்கள், மாற்றுவதை உங்கள் கையால் செய்யுங்கள்.

இனி பழக்கங்கள். எழுதும்போது திருத்தாதீர்கள். முடித்த கையோடும் திருத்தாதீர்கள். நாம் எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை, கண் தாவித் தாவிப் போகும், இடையில் இருப்பதை மனம் நிரப்பிக்கொள்ளும். நீங்களே எழுதியது என்றால் மனத்துக்கு வரி முன்பே தெரியும், அதனால் இன்னும் தாராளமாக நிரப்பும். ரோல்பிளேயில் ஓர் இரவு ஆறப்போட நேரம் கிடைக்காது என்பது உண்மைதான். பத்து நிமிடம் வேறு ஏதாவது செய்துவிட்டு வந்தாலே வித்தியாசம் தெரியும். வந்ததும் எழுதியதை வேறொரு செயலியில் ஒட்டி, எழுத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள். வரிகள் வேறு இடத்தில் உடையும்போது, வரிக் கடைசியில் ஒன்றும் அடுத்த வரி முதலில் ஒன்றுமாக ஒளிந்திருந்த இரட்டை ‘அந்த’ வெளியே வந்துவிடும்.

வாய்விட்டுப் படியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் அது எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். விடுபட்ட சொல், மூச்சுமுட்டும் வாக்கியம், தடுக்கும் இடம் எல்லாம் காதில் விழும். ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லும் பழக்கம் இருந்தால் அவையும் விழும். ஆனால் ர, ற இரண்டையும் பெரும்பாலானோர் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். ந, ன வேறுபாடும் அப்படித்தான். கைப்பேசியைப் படிக்கவிட்டுக் கேட்டாலும் இதே கதிதான். இவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். அதற்கு நீங்கள் அடிக்கடி தடுமாறும் இணைகளை ஒரு சீட்டில் எழுதிவையுங்கள்: கரை-கறை, கணம்-கனம், இரங்கு-இறங்கு என்று உங்களுடையது எதுவோ அது. அனுப்பும் முன் ‘தேடு’ பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சீட்டு ஒவ்வொருவருக்கும் வேறு. இன்னொருவர் சீட்டால் உங்களுக்குப் பெரிய பயன் இருக்காது.

பழக்கங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, வாக்கியங்களின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழாகப் படிப்பது. தமிழில் காலம், இடம் (நானா, நீயா, அவனா என்பது), எண், மரியாதை எல்லாவற்றையும் வினைமுற்று சுமக்கிறது, அது பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. இதைப் பாருங்கள்: “கிழவர் விளக்கை ஏற்றினார். கைகள் நடுங்கியது. சுவரில் நிழல்கள் ஆடுகின்றன. அவன் கதவைப் பார்த்தான்.” சாதாரணமாகப் படித்தால் காட்சி கண்முன் வந்துவிடும், பிழை தெரியாது. கடைசிச் சொற்களை மட்டும் படியுங்கள்: ஏற்றினார், நடுங்கியது, ஆடுகின்றன, பார்த்தான். கைகள் ‘நடுங்கின’ என்றல்லவா இருக்க வேண்டும்? கதை இறந்தகாலத்தில் போகும்போது நிழல்கள் மட்டும் ஏன் நிகழ்காலத்தில் ஆடுகின்றன? எல்லாவற்றையும்விட, பார்த்தவன் யார்? கிழவரேதான் என்றால் மரியாதை நடுவழியில் போய்விட்டது. அறையில் இன்னொருவன் இருக்கிறான் என்றால் அவன் வந்ததை யாரும் சொல்லவில்லை. அடுத்து எழுதப்போகிறவர் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்வார்.

உரையாடலுக்கு இந்தக் கண்டிப்பு வேண்டாம். பேச்சுவழக்கு பிழை இல்லை. ஆனால் ஒரே பாத்திரம் ஓரிடத்தில் ‘போயிட்டான்’, இன்னோரிடத்தில் ‘போய்ட்டான்’, பிறகு ‘போயிட்டாரு’ என்று எழுதினால் குரல் கலைந்துவிடும். யார் யாரை ‘நீ’ என்பார், யாரை ‘நீங்க’ என்பார் என்று குழுவுக்குப் பொதுவாக ஒரு குறிப்பு இருக்கட்டும். அதே குறிப்பில் பெயர்களின் எழுத்தையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். ‘கௌரி’ என்ற பெயரை ஒருவர் ஔகாரக் குறியோடும் மற்றொருவர் ‘கெ’வும் ‘ள’வும் சேர்த்தும் தட்டியிருந்தால் திரையில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் கணினி எழுத்தைச் சேமிக்கும் ஒருங்குறியில் (யூனிகோடில்) அவை வேறு வேறு. பழைய காட்சியைத் தேடும்போது பாதிதான் கிடைக்கும். ‘ஔ’வை ‘ஒ’வும் ‘ள’வுமாக எழுதுவதிலும் இதே சிக்கல். காயம் இடது தோளிலா வலது தோளிலா, இப்போது இரவா பகலா, வாள் யார் கையில் என்பதையும் அங்கேயே குறித்துவையுங்கள்.

ரோல்பிளேக்கு மட்டுமே உரிய ஒரு சோதனையும் உண்டு. எழுதியதில் இன்னொருவரின் பாத்திரம் எழுவாயாக வரும் வாக்கியங்களைப் பாருங்கள். “நீ பயந்து பின்வாங்கினாய்” என்று நீங்கள் எழுதியிருந்தால், இலக்கணம் சரி, முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது இல்லை. “பின்வாங்கவைக்கும் வேகத்தில் வாளை வீசினேன்” என்று உங்கள் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செயலைக் காட்டும் நட்சத்திரக் குறியும் கதைக்கு வெளியே பேசுவதற்கான இரட்டை அடைப்புக்குறியும் திறந்த இடத்தில் மூடியிருக்கின்றனவா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால், பதில் வருவதற்குள் திருத்திவிட்டுச் சொல்லிவிடுங்கள். பதில் வந்துவிட்டால் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். அவர் எழுதியது அந்தரத்தில் தொங்கும். இரட்டை அடைப்புக்குள் நடந்ததைச் சொல்லி, மாற்றலாமா, இப்படியே போகலாமா என்று கேளுங்கள்.

மற்றவர் பிழையில் பொருள் குழம்பினால், எழுதத் தொடங்கும் முன் தனியாகக் கேட்டுவிடுங்கள். பொருள் தெளிவாக இருக்கிறது, எழுத்துதான் தவறு என்றால் எல்லோர் முன்னிலையிலும் திருத்த வேண்டாம். தமிழைப் பள்ளியில் படிக்க வாய்ப்பில்லாமல், ஆசையால் எழுத வருகிறவர்கள் நிறையப் பேர். ஒரே ஒரு தடவை கூட்டத்தில் திருத்தப்பட்டதால் எழுதுவதையே விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர் தவறாக எழுதிய சொல்லை உங்கள் அடுத்த முறையில் சரியாக எழுதிவிடுங்கள். பெரும்பாலும் அவரே கவனித்து, அதற்கடுத்த முறையில் மாற்றிக்கொள்கிறார்.