பந்தும் கிண்ணமும் இடம் மாறினால் தோள் எப்படி வேலை செய்யும்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 72 வயது. வழுக்கி விழுந்ததில் தோளில் எலும்பு முறிந்து நாலு துண்டாகிவிட்டது. ஒரு டாக்டர் ஸ்லிங்கில் கையைத் தொங்கவிட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் மூட்டையே மாற்றணும், அதுவும் பந்து இருக்கிற இடத்தில் கிண்ணத்தையும் கிண்ணம் இருக்கிற இடத்தில் பந்தையும் வைப்போம் என்கிறார். யார் சொல்வது சரி? தலைகீழாக வைத்தால் கையை எப்படித் தூக்குவது?"

முதல் கேள்விக்கு எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் பார்த்தவர்தான் பதில் சொல்லணும், நான் டாக்டர் இல்லை. ஆனால் இரண்டாவது கேள்வி இருக்கிறதே, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பள்ளியில் படித்த பந்து கிண்ண மூட்டுதான் இது: மேற்கை எலும்பின் உருண்டையான தலைதான் பந்து, தோள்பட்டை எலும்பில் இருப்பது கிண்ணம். இடுப்பில் கிண்ணம் ஆழமானது, பந்து உள்ளே போய் உட்கார்ந்துவிடும். தோளிலோ அது ஏறக்குறைய தட்டு மாதிரி, பந்தின் மூன்றில் ஒரு பங்கு அதைத் தொட்டுக்கொண்டிருந்தாலே அதிகம். அதனால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. பந்து விழாமல் பிடித்து வைத்திருப்பது எலும்பு அல்ல, ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு சிறிய தசைகள். மேற்கை எலும்பின் தலைப்பகுதிக்குப் பக்கத்தில் இரண்டு புடைப்புகள் உண்டு, இந்தத் தசைகளின் நாண்கள் அவற்றில்தான் ஒட்டியிருக்கின்றன.

முறியும்போதும் பெரும்பாலும் இதே கோடுகளில்தான் முறியும்: தலை, பெரிய புடைப்பு, சிறிய புடைப்பு, தண்டு. அந்த "நாலு துண்டு" இதுதான். ஒரு துண்டு 1 செ.மீ.க்கு மேல் நகர்ந்திருந்தாலோ 45 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தாலோதான் அதை இடம் விலகிய துண்டாகக் கணக்கில் எடுப்பார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் சார்லஸ் நீர் 1970ல் வகுத்த கணக்கு, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலான தோள் முறிவுகளில் துண்டுகள் அந்த அளவுக்கு விலகியிருக்காது, அவற்றுக்கு ஸ்லிங் போதும்.

மாவுக்கட்டு ஏன் இல்லை என்றால், தோளைச் சுற்றிக் கட்டி அசையாமல் நிறுத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை, அவசியமும் இல்லை. தொங்கும் கையின் எடையே தண்டைக் கீழே இழுத்து ஓரளவு நேர்கோட்டில் வைத்துவிடும். முதல் நாளிலிருந்தே விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் அசைக்கச் சொல்வார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முன்பக்கம் குனிந்து கையைத் தளரவிட்டு மெல்ல ஆட்டும் பயிற்சி, ஆறு வார வாக்கில் தானாகவே கையைத் தூக்குவது, மூன்று மாத வாக்கில் வலுவூட்டுவது என்று போகும். முழுப் பலனும் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். ஆரம்ப நாட்களில் ரத்தக்கட்டு முழங்கை வரைக்கும் நெஞ்சுப் பக்கமும் கருநீலமாக இறங்கிவரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், கசிந்த ரத்தம் புவியீர்ப்பில் கீழே வருகிறது, அவ்வளவுதான். படுத்தால் வலிக்கும் என்பதால் பலர் சில வாரம் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார்கள்.

சரி, துண்டுகள் விலகியிருந்தால் ஆபரேஷன்தானே? பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் இடம் விலகிய முறிவுள்ள 250 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஆபரேஷனும் மற்றவர்களுக்கு ஸ்லிங்கும் கொடுத்து இரண்டு வருடம் கவனித்தார்கள். 2015ல் வெளியான முடிவு: இரு பக்கத்திலும் கையின் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆபரேஷன் கட்டாயம் தேவை என்று தெளிவாகத் தெரிந்தவர்களை இதில் சேர்க்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வுக்கான செலவு அரசுப் பணம். உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகப் பிளேட்டை விற்கிற கம்பெனி "பிளேட் வேண்டாம்" என்று முடியக்கூடிய ஆய்வுக்குக் காசு கொடுக்குமா? மருத்துவ ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஆனால் அந்த ஆய்வில் ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் பிளேட்டும் ஸ்க்ரூவும். வாசகரின் அம்மாவுக்குச் சொல்லப்பட்டது வேறு. இப்போது உங்கள் ஒரு கையை எதிர்த்தோளின் மேல் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக் கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள். உள்ளங்கைக்கு அடியில் இறுகுகிறதே, அதுதான் டெல்டாய்டு. கை தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்தத் தசை ஏறக்குறைய செங்குத்தாக இருப்பதால், அது சுருங்கினால் எலும்பை நேராக மேலே இழுக்கத்தான் பார்க்கும். அதே நேரத்தில் ரொட்டேட்டர் கஃப் பந்தைக் கிண்ணத்தோடு அழுத்திப் பிடிப்பதால் மேலே நழுவ வழியில்லாமல் எலும்பு சுழல்கிறது, கை உயர்கிறது. புடைப்புகள் உடைந்து சேராமல் போனால் கஃப்புக்குப் பிடிமானம் போச்சு. டெல்டாய்டு இழுக்க இழுக்கப் பந்து மேலே ஏறி மேலிருக்கும் எலும்பில் போய் முட்டும், கை உயராது, தோள்தான் குலுங்கும். பழைய பாணியில் பந்தை மட்டும் உலோகத்தில் மாற்றியபோது பலருக்கு நடந்தது இதுதான்.

பால் கிராமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1985ல் வேறு வழியாகப் போனார். உலோகப் பந்தைத் தோள்பட்டை எலும்பில் பொருத்தினார், கிண்ணத்தை மேற்கை எலும்பின் உச்சியில் வைத்தார். இப்போது டெல்டாய்டு மேலே இழுத்தால் கிண்ணம் பந்தில் இன்னும் இறுகும். மேலே நழுவ இடமே இல்லை, மிஞ்சும் ஒரே அசைவு சுழற்சி! அதோடு சுழலும் மையம் உடலின் நடுப்பக்கமாக உள்ளே தள்ளிப்போகிறது. விசை பெருக்கல் தூரம் என்ற திருப்புத்திறன் கணக்குப்படி தூரம் கூடினால் அதே தசைக்கு அதிக பலன், முன்பு தூக்குவதற்கு உதவாத முன், பின் இழைகளும் வேலைக்கு வந்துவிடுகின்றன. கை சற்றுக் கீழே இறங்குவதால் டெல்டாய்டு இழுபட்டு விறைப்பாகவும் இருக்கிறது. இதற்கு முன் 1970களில் வந்த தலைகீழ் மூட்டுகளில் மையம் எலும்பை விட்டு வெளியே தள்ளியிருந்ததால் ஒவ்வொரு அசைவும் ஸ்க்ரூவை நெம்பி ஆட்டம் காணவைத்தது. கிராமோன் மையத்தை எலும்பின் பரப்பிலேயே கொண்டுபோய் வைத்தார், நெம்புவதற்கு நீளம் கிடைக்கவில்லை. நான்கு தசைகள் செய்த வேலையைக் கொஞ்சம் வடிவியல் செய்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

நார்வேயில் 65 முதல் 85 வயது வரையானவர்களிடம் இந்தத் தலைகீழ் மூட்டையும் பிளேட்டையும் ஒப்பிட்டு 2020ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டாவது ஆண்டில் இதுவே முந்தியது. ஆனால் டெல்டாய்டும் அதை இயக்கும் ஆக்சிலரி நரம்பும் நன்றாக இருந்தால்தான் இது உதவும், விழுந்த வேகத்தில் அந்த நரம்பே அடிபடுவதும் உண்டு. கை மேலே போகும், ஆனால் முன்கையை வெளிப்பக்கம் திருப்புவதும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதும் முன்பு போல வராமல் போகலாம். தொற்று, மூட்டு கழன்றுவிடுவது போன்ற ஆபத்துகளும் உண்டு. இளம் வயதினருக்குக் கூடியவரை தவிர்க்கிறார்கள்.

அப்புறம் அந்த வாசகருக்கு ஒன்று. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இந்த வயதில் தோள் முறிந்தால் எலும்பு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்லிங்கோ ஆபரேஷனோ, எதுவானாலும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த முறை இடுப்பு எலும்பு முறியாமலிருக்க மருந்து இருக்கிறது.