நானூறு ஆண்டு வாய்வழி வந்த பாட்டு

1900-ஆம் ஆண்டு மே மாதம். ரமோன் மெனெண்டஸ் பிடாலும் மரியா கொய்ரியும் அப்போதுதான் கல்யாணமானவர்கள். இருவருமே மொழி ஆய்வாளர்கள். தேனிலவுப் பயணத்தில், மே 28-ஆம் தேதி வந்த முழு சூரிய கிரகணத்தைப் பார்ப்பதற்காக ஸ்பெயினின் காஸ்டில் பகுதியில் உள்ள ஒஸ்மா என்ற ஊரில் தங்கினார்கள். அங்கே துணி வெளுக்கும் ஒரு பெண்ணிடம் மரியா பேச்சுக் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக ஒரு பழைய கதைப்பாட்டைச் சொல்லிக் காட்டினார். அந்தப் பெண் தனக்கும் அது தெரியும், இன்னும் நிறையத் தெரியும் என்று சொல்லி வேறொன்றைப் பாடத் தொடங்கினார்:

வோசெஸ் கோர்ரென், வோசெஸ் கோர்ரென்,
வோசெஸ் கோர்ரென் போர் எஸ்பாஞா,
கே தோன் ஹுவான் எல் கபயேரோ
எஸ்தா மாலீதோ என் லா காமா.

"பேச்சு பரவுது, பேச்சு பரவுது, ஸ்பெயின் முழுக்கப் பரவுது, சீமான் ஹுவான் நோயில் படுத்திருக்கிறாராம்." கேட்டவர்களுக்குச் சிலிர்த்துவிட்டது. இந்த ஹுவான், காஸ்டில் அரசி இசபெல்லின் ஒரே மகன். கல்யாணமாகி ஆறே மாதத்தில், 1497 அக்டோபரில், 19 வயதில் சாலமங்கா நகரில் இறந்துபோனவர். அவருடைய சாவைச் சொல்லும் இந்தப் பாட்டு, பழைய அச்சுத் தொகுப்பு எதிலும் அவர்கள் கண்டிராதது. காஸ்டில் பகுதியில் வாய்வழிக் கதைப்பாட்டு அற்றுப்போய்விட்டது என்றுதான் அதுவரை அறிஞர்கள் நம்பியிருந்தார்கள்.

ஏட்டின் துணையில்லாமல் ஒரு கதை 400 வருஷம் தாண்டி வந்தது எப்படி? விடை அந்த நாலு வரிக்குள்ளேயே இருக்கிறது.

வரியை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். வோ-செஸ்-கோ-ர்ரென்-போர்-எஸ்-பா-ஞா: எட்டு அசை. நாலாவது வரியில் ஒன்பது வருகிறதே என்று தோன்றும். ஆனால் 'மாலீதோ என்' என்பதில் வரும் 'தோ'வும் 'என்'னும் பாடும்போது ஒட்டி ஒரே அசையாகிவிடும், நாம் 'வீடு இல்லை'யை 'வீடில்லை' என்று சொல்வதைப் போல. எனவே அதுவும் எட்டுதான். ஸ்பானிய மொழியில் சாதாரணப் பேச்சே பெரும்பாலும் இந்த எட்டுக்குப் பக்கத்தில் ஓடுவதால், நாக்குக்கு இது பழகிய நடை. ஒரு சொல் விடுபட்டால் உடனே காதில் இடறும்.

அடுத்தது இயைபு, அதாவது வரி முடிவில் வரும் ஒலி ஒற்றுமை. இரண்டாம் வரி 'எஸ்பாஞா', நாலாம் வரி 'காமா'. மெய்யெழுத்து ஒத்துவர வேண்டியதில்லை. கடைசி இரண்டு உயிரொலி 'ஆ–ஆ' என்று வந்தால் போதும். இரட்டைப்படை வரிகளுக்கு மட்டும்தான் இந்தக் கட்டு. பாட்டு முடியும்வரை அதே ஒலிதான். எனக்கு இந்த வடிவத்தில் மிகவும் பிடித்தது இந்தத் தளர்ச்சிதான். சொல் மறந்துபோனால் 'காசா' (வீடு), 'காரா' (முகம்), 'ஆல்மா' (உயிர்) என்று பொருந்தும் வேறொன்றைப் போட்டுக் கதையை நகர்த்தலாம். இறுக்கமான இயைபாக இருந்தால் பாடுபவர் அங்கேயே நின்றுவிடுவார்.

இந்தப் பாட்டின் வடிவங்களில் 'தெ லா பார்ரா' என்று ஒரு மருத்துவர் வருகிறார். அக்காலத்தில் உண்மையாகவே வாழ்ந்தவர். ஓர் அரண்மனை மருத்துவரின் பெயர் கிராமத்துப் பெண்களின் நினைவில் ஏன் தங்க வேண்டும்? 'பார்ரா'வைச் சொல்லிப் பாருங்கள்: ஆ–ஆ. இயைபு விழும் இடத்தில் அந்தப் பெயர் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்துவிட்டது.

இது நினைவாற்றல் ஆய்வோடு நன்றாகப் பொருந்துகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் ரூபினும் வாண்டா வாலஸும் 1989-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'கட்டுமானப் பொருள் ஒன்று சொல்லுங்கள்' என்று கேட்டால் 'ஸ்டீல்' என்பவர்கள் கொஞ்சம் பேர்தான். '-ஈல்' என்று முடியும் சொல்லைக் கேட்டாலும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் 'ஸ்டீல்' என்றார்கள். பொருளும் ஒலியும் இரண்டு பக்கமிருந்தும் நெருக்கும்போது மிஞ்சுவது ஒரே சொல். ஆகவே கதைப்பாட்டுப் பாடுபவர் முழுப் பாட்டையும் மனப்பாடமாகச் சுமக்க வேண்டியதில்லை. கதை என்ன என்பதும், எட்டு அசையும், 'ஆ–ஆ'வும் கையில் இருந்தால் அடுத்த வரி தானே வந்து சேரும். 'வோசெஸ் கோர்ரென்' மூன்று முறை திரும்ப வருவதும் வெறும் அழகுக்காக அல்ல என்றே நினைக்கிறேன். அந்த நேரத்தில் மனம் அடுத்த வரியைத் தேடிக்கொள்கிறது.

இதே எட்டசை மெக்சிகோவுக்குப் போய் 'கொரீதோ' என்ற கதைப்பாட்டாக மாறியது. 1492-இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களின் வழிவந்தவர்கள் மொராக்கோவிலும், இன்று கிரேக்கத்தில் உள்ள சலோனிகா நகரிலும் 20-ஆம் நூற்றாண்டு வரை தங்கள் கதைப்பாட்டுகளைப் பாடிவந்தார்கள்.

மரியா கொய்ரி பிறகு நாட்டில் தேட வேண்டிய பாட்டுகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்து வெளியிட்டார். சேகரிக்கப் போகிறவர்கள் சொல்லிக் காட்டுவதற்கு வசதியாகப் பாட்டுகளின் தொடக்க வரிகளை அதில் கொடுத்திருந்தார். ஒஸ்மாவில் அவர் செய்ததும் அதுபோலத்தான்: தமக்குத் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தார், தமக்குத் தெரியாத ஒன்றை அந்தப் பெண் பாடினார்.