சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் கனெக்டர்

மெல்பர்னில் இருக்கும் என் சித்தி மகனிடமிருந்து மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணா, அடுத்த ஜிஆர்86-ல டர்போ உண்டாமே, நிஜமா?" ஜிஆர்86 என்பது டொயோட்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்; டர்போ என்பது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளி அதன் பலத்தைக் கூட்டும் கருவி. புதுக் கார்களின் ரகசியமெல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகிறது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. என் வேலை வேறு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுக் கார்களுக்கு மோதல் கணக்குப் போடும் குழுவில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். ஏர்பேக் எந்த மோதலில் விரிய வேண்டும், எதில் விரியவே கூடாது, சீட் பெல்ட் எப்போது இழுத்துப் பிடிக்க வேண்டும், இதுதான் பிழைப்பு.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. 2012-ல் இதன் முதல் தலைமுறையான 86 வந்ததிலிருந்தே இந்த ஆரூடம் நடக்கிறது. 2 லிட்டர், 200 குதிரைத்திறன்; என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழலும் வாக்கில் இழுவை கொஞ்சம் சோர்ந்து போகும். ஓட்டியவர்கள் பலரும் அடுத்ததில் டர்போ நிச்சயம் என்று சத்தியம் செய்யாத குறைதான். 2020 நவம்பரில் அதன் இரட்டைப் பிறவியான சுபாரு பிஆர்இசட் புது உருவில் வந்தது. டர்போ இல்லை, 2.4 லிட்டர் என்ஜின். சரி, அதோடு அடங்கியதா? 2022-ல் ஜப்பானின் சூப்பர் தைக்யூ பந்தயத்தில் 1.4 லிட்டர் டர்போ மாட்டிய ஒரு ஜிஆர்86 ஓடியது. கார்பன் சமநிலை எரிபொருளைச் சோதிக்க டொயோட்டா இறக்கிய வண்டி அது. டர்போ என்ற சொல் காதில் விழுந்தால் போதாதா, மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

இத்தனை ஆரூடத்துக்கும் நடுவில், ஐரோப்பாவில் இந்தக் காரின் கதையை முடித்தது என்ஜினே அல்ல. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி, தடம் விலகினால் திருப்பிவிடும் வசதி, ஓட்டுநர் தூங்கி வழிந்தால் எச்சரிக்கும் வசதி, இவையெல்லாம் 2024 ஜூலை முதல் அங்கே விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் இருந்தாக வேண்டும் என்று சட்டம். ஜிஆர்86-ல் அவற்றைச் சேர்க்க வேண்டுமானால் வடிவமைப்பிலேயே கை வைக்க வேண்டும். அதனால் இரண்டே ஆண்டுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் அங்கே விற்றார்கள். அதே 2024-ல் போர்ஷே 718 என்ற பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரின் பெரும்பாலான வகைகளும் ஐரோப்பியக் கடைகளிலிருந்து போயின. அதற்குக் காரணம் இன்னும் வேடிக்கை: காரின் மின்னணு அமைப்பை வெளியாள் ஊடுருவாமல் காக்க வேண்டும் என்ற புது விதி. பழைய அமைப்பு அதற்குத் தாங்கவில்லை. என்ஜின் பாட்டுக்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. என்ஜினும் பாதுகாப்பும் தனித்தனிச் சமாச்சாரம் என்று நினைப்பதே தவறு. மோதலில் காரின் முன்பக்கம் நசுங்க வேண்டும். நசுங்குவதுதான் அதன் வேலை. ஆனால் என்ஜின் நசுங்காது. அது வெறும் இரும்பு, அலுமினியக் கட்டி. மணிக்கு 56 கிலோமீட்டரில் சுவரில் மோதும் காருக்கு 60 செ.மீ. நசுங்க இடமிருந்தால், உள்ளே இருப்பவர் மேல் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசை விழும். அதே இடம் 50 செ.மீ. ஆனால் 25 மடங்கு. பத்து சென்டிமீட்டர் என்பது நம் உள்ளங்கை அகலம்தான். நீளமான ஆறு சிலிண்டர் என்ஜினை இதே மூக்குக்குள் திணித்துப் படம் வரைபவர்கள் எங்கிருந்து அந்தப் பத்து சென்டிமீட்டரைத் திருடுகிறார்கள் என்று நான் பார்ப்பேன். அப்புறம் பானெட், அதாவது என்ஜினை மூடும் தகடு. தெருவில் நடப்பவரின் தலை அதில் மோதினால், தகட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். 86-ல் படுத்தவாக்கில் இருக்கும் என்ஜின் இதற்கு வசதி. நிமிர்ந்த என்ஜின் என்றால் பானெட்டை உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மோதும்போது வெடிமருந்தால் பானெட்டைத் தூக்கிவிடும் ஏற்பாடு வேண்டும்.

ஏர்பேக்கை எண்ணிப் பார்த்து மார்க் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். திறந்த கூரைக் காரில் நாலுதான், மூடிய காரில் ஆறு, அதனால் இது மட்டம் என்பார்கள். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் பொதுவாகக் கூரையின் ஓரச் சட்டத்தில் சுருண்டு கிடக்கும். கூரையே இல்லாத வண்டியில் அதை எங்கே வைப்பது? சீட்டின் பக்கவாட்டிலிருந்தே தலை வரை எழும்பும்படி செய்வார்கள்; வால்வோ சி70-ல் கதவிலிருந்து மேல்நோக்கி எழவைத்தார்கள். எண்ணிக்கை விளம்பரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் வேறு: வண்டி சறுக்கினால் பிடித்து நிறுத்த ஏதாவது இருக்கிறதா, டயருக்கு என்ன வயது? போர்ஷே கரேரா ஜிடி 612 குதிரைத்திறன் கொண்ட, பத்து சிலிண்டர் (வி10) கார். வண்டி சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் பிடித்து நேர்ப்படுத்தும் இஎஸ்சி அதில் கிடையாது. 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் உயிரிழந்தது அந்தக் காரில்தான். ஓட்டியது அவருடைய நண்பர். மணிக்கு 72 கிலோமீட்டர் எல்லையுள்ள சாலையில் 130 முதல் 150 வரை போயிருக்கிறார்கள் என்றது விசாரணை. இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. வேகம்தான் காரணம். ஆனால் டயர்களுக்கு ஒன்பது வயது என்பதும் அந்த அறிக்கையில் இருந்தது. அவ்வளவு பெரிய காரில் ஒன்பது வயது டயர்!

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அவன் வழக்கமான டர்போ கேள்வியோடு தன் காரின் உள்பக்கப் படம் ஒன்றும் அனுப்பினான். ஓட்டுநர் இருக்கை மாறியிருந்தது. பந்தயக் காரில் வருவது போன்ற சிவப்பு பக்கெட் சீட், பக்கத்தில் தொங்கும் நான்கு பட்டை பெல்ட். டர்போவை விடு, சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு என்றேன்.

வந்த படத்தில் நான் எதிர்பார்த்தது அப்படியே இருந்தது. மஞ்சள் கனெக்டர். ஏர்பேக் வயரிங்குக்கு மஞ்சள் நிறம்தான் வழக்கம். அதன் வாயில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ரெசிஸ்டர் (மின்தடை தரும் சின்னப் பாகம்) செருகி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். பழைய சீட்டின் பக்கவாட்டில்தான் அந்தப் பக்கத்து ஏர்பேக் இருந்தது. சீட்டோடு அதுவும் போய்விட்டது. சாவி போட்டதும் ஏர்பேக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஏர்பேக்கின் மின்தடையையும் அளக்கும், சுமார் 2 ஓம் வர வேண்டும். வராவிட்டால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. அந்த விளக்கு எரியாமல் இருக்கத்தான் இந்த ரெசிஸ்டர். ஆக, இல்லாத ஏர்பேக்கை இருப்பதாக நம்பிக்கொண்டு கார் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆனா விளக்கு எரியலையே அண்ணா, கடைக்காரர் எல்லாம் சரியா இருக்குன்னாரே" என்றான்.

அந்த நான்கு பட்டை பெல்ட்டும் லேசுப்பட்டதல்ல. முன்னால் மோதும்போது தோள்பட்டைப் பட்டைகள் இடுப்புப் பட்டையை மேலே இழுக்கும். உடம்பு அதன் அடியில் வழுக்கிக்கொண்டு போகும், பட்டை வயிற்றுக்குள் அழுந்தும். பந்தயக் கார்களில் தொடைகளுக்கு நடுவே கூடுதல் பட்டை வைப்பது இதைத் தடுக்கத்தான். கம்பெனி பெல்ட்டில் இழுத்துப் பிடிக்கும் ஏற்பாடு, பிறகு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு, ஏர்பேக் விரியும் நேரம், மூன்றும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து வைத்தவை. மோதல் தொடங்கி முடிவதே ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு வாக்கில்தான். அதில் ஒன்றை மட்டும் உருவி எடுத்தால் மற்ற இரண்டும் யாருக்காகவோ வேலை செய்யும்.

பழைய சீட் கராஜில்தான் கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டிவிடுகிறேன் என்றான். வேண்டாம், ஏர்பேக் வேலை தெரிந்தவரிடம் விடு, பேட்டரியைக் கழற்றி சில நிமிடம் காத்திருக்காமல் மஞ்சள் கனெக்டரில் யாரையும் கை வைக்க விடாதே என்று சொன்னேன். அப்படியே டயரின் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நான்கு எண்களையும் படம் எடுக்கச் சொன்னேன். சீட் விற்றவரே தள்ளிவிட்ட பழைய சக்கரங்களும் காரில் இருப்பது படத்தில் தெரிந்தது.

2316 என்று வந்தது. டயர் தயாரானது 2016-ம் ஆண்டின் 23-வது வாரம்.