கம்பெனி நெட்வொர்க்குக்கும் ஆடிட் உண்டு: செர்ட்-இன் விதிகள் கேட்பது என்ன?

ஆடிட்டர் வருகிறார் என்றால், கடலூர் சிப்காட்டிலும் சரி, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலும் சரி, ஜிஎஸ்டி கணக்கைத்தான் எடுத்து வைப்பார்கள். கம்பெனியின் நெட்வொர்க்குக்கும் ஒரு ஆடிட் உண்டு, அதற்கு மத்திய அரசின் விதிகளும் உண்டு என்பது இருபது முப்பது பேர் வேலை செய்யும் இடங்களுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. இந்த இரண்டு ஊர்களிலும் நெட்வொர்க் வேலை பார்ப்பவன் நான். தெரியாததால் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 70பி பிரிவின் கீழ் இயங்கும் மத்திய அமைப்புதான் செர்ட்-இன். கணினித் தாக்குதல் எதுவானாலும் நாட்டில் அதைக் கவனிக்கும் பொறுப்பு அதனுடையது. 2022 ஏப்ரல் 28 அன்று அது ஒரு உத்தரவு போட்டது. அரசு அலுவலகம், டேட்டா சென்டர், தனியார் கம்பெனி எல்லாமே அதற்குள் வரும். சிறு நிறுவனங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். அதுவும் 2022 செப்டம்பர் 25-ஓடு முடிந்துவிட்டது. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், இந்த விதி மாறாது. தொழிற்சாலை கடலூரிலும் ஆபீஸ் பாண்டியிலும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே சட்டம்தான்.

உத்தரவின் முக்கியமான பகுதிகள் மூன்று. தாக்குதல் நடந்தது தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும். எல்லா சிஸ்டங்களின் லாக் பதிவுகளையும், அதாவது எப்போது யார் நுழைந்தார், என்ன நடந்தது என்று சிஸ்டம் தானே எழுதி வைக்கும் குறிப்புகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும்.

கடிகார விஷயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கம்பெனியில் டாலி கணக்கு மென்பொருளின் டேட்டா முழுவதையும் யாரோ திறக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள், பணம் கேட்டு ஒரு ஃபைல் மட்டும் திறந்தது. நெட்வொர்க்கின் வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வால் கருவியின் பதிவில் பார்த்தால், வெளியாள் நுழைந்த நேரம் முந்தைய நாள் இரவு 8.40. அன்று மாதக் கணக்கு முடிப்பதற்காக அந்த நேரத்தில் உட்கார்ந்திருந்தவர் கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர் மட்டும்தான். இரண்டு நாள் அவர் முகத்தைக்கூட யாரும் நேராகப் பார்க்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஃபயர்வாலை வாங்கியதிலிருந்து யாரும் நேரம் செட் செய்யவே இல்லை, ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் ஆள் நுழைந்தது அதிகாலை 2.10 மணி. நேர சர்வரை இணைக்கும்போதே டைம் ஜோனும் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, ஆடிட்டுக்கு வருவோம். ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதுகாப்பு ஆடிட் செய்ய வேண்டும் என்று 2025 ஜூலையில் வந்த செர்ட்-இன் வழிகாட்டுதல் சொல்கிறது. செர்ட்-இன் அங்கீகரித்த ஆடிட் நிறுவனங்களின் பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் வருவதுண்டு. ஒரு மென்பொருளை ஓடவிட்டு, எங்கெங்கே ஓட்டை என்று அச்செடுத்துத் தருவது ஒரு வேலை. அந்த ஓட்டை வழியாக ஒருவன் உண்மையிலேயே எதுவரை போக முடியும் என்று போய்ப் பார்ப்பது வேறு வேலை, அதுதான் பென்டெஸ்ட். ஒரு இடத்தில் சிசிடிவி பெட்டிக்கு, தயாரித்த கம்பெனி போட்டு அனுப்பிய அதே பாஸ்வேர்டுதான். அச்செடுத்த தாளில் அது ஒரே ஒரு வரி. சோதனை செய்தவர் அந்தப் பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்து அதே நெட்வொர்க்கில் இருந்த கணக்கு சர்வருக்கு வந்து, சம்பளப் பட்டியலைத் திறந்து முதலாளியிடம் காட்டினார். அன்று சாயங்காலமே கேமராக்களைத் தனி நெட்வொர்க்குக்கு மாற்றினார்கள். நூறு பக்க அச்சுத்தாள் மட்டும் கொடுத்துவிட்டு ஆடிட் முடிந்தது என்று சொல்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தொடங்கும் முன் எழுத்தில் அனுமதி வேண்டும். எந்தெந்த ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்), எந்தத் தேதி, எந்த நேரம், யார் செய்கிறார், அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும், கம்பெனி சார்பில் பொறுப்பானவர் கையெழுத்துப் போட வேண்டும். அனுமதியின்றி ஒருவர் கணினியில் நுழைந்தால் அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம்; மோசடி நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி ஒருவன் இருக்கிறான், சும்மா பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டால் அவன் வாழ்க்கைதான் சிக்கலாகும்.

சிப்காட் ரசாயன ஆலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இயந்திரங்களை ஓட்டும் பிஎல்சி கருவிகள் மீது சாதாரண ஸ்கேன் விட்டால்கூடச் சில நின்றுபோகும். ஆலை ஓடும்போது அந்தப் பக்கம் சோதனை வேண்டாம். பராமரிப்புக்காக நிறுத்தும் நாளில், ஆலைப் பொறியாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

அறிக்கை வந்த பிறகு சரிசெய்தால் மட்டும் போதாது, அதே ஆடிட்டர் மறுபடி சோதித்து, அடைபட்டது என்று எழுதித் தர வேண்டும். இந்த மறுசோதனை கட்டணத்தில் சேர்ந்ததா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

தாக்குதல் நடந்தே விட்டால், கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு அப்படியே வையுங்கள். செர்ட்-இன் கட்டணமில்லா எண் 1800-11-4949. எல்லா விவரமும் கையில் இருக்க வேண்டியதில்லை. 6 மணி நேரத்துக்குள் தெரிந்ததைச் சொல்லிவிட்டு மீதியைப் பின்னால் கொடுக்கலாம். வங்கிப் பணம் போயிருந்தால் உடனே 1930, அது இரண்டு ஊருக்கும் பொது. செர்ட்-இன்னோடு பேச ஒருவரை நியமித்து அவர் விவரத்தை முன்கூட்டியே அனுப்பி வைப்பதும் விதியில் இருக்கிறது. அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் அடுத்தவர் பெயரை அன்றே அனுப்பிவிடுங்கள்.