வெள்ளிக்காசுல செம்பு ஏறின கதை: ரோம் உள்ளுக்குள்ள எப்படி தளர்ந்துச்சு

ரோம் ஏன் விழுந்துச்சுன்னு யாரைக் கேட்டாலும் வடக்குலேர்ந்து படையெடுத்து வந்தாங்க, அடிச்சு நொறுக்கிட்டாங்கன்னுதான் சொல்வாங்க. எனக்கு இந்த பதில் பத்தவே பத்தாது. ஏன்னா கி.பி. 9-லயே ஜெர்மானியர்கள் டியூட்டோபர்க் காட்டுல மூணு லீஜியன் படையை (லீஜியன்னா ரோமோட பெரிய படைப்பிரிவு) மொத்தமா அழிச்சிருக்காங்க, அப்பவும் ரோம் ஆடிப்போகல, அதுக்கப்புறம் 150 வருஷத்துக்கு மேல அமோகமாத்தான் இருந்துச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம் எதிரி எப்பவுமே இருந்தான். முன்னாடி அந்த அடியைத் தாங்கின உடம்பு பின்னாடி ஏன் தாங்கலங்கறதுதான் கேள்வி. இதுக்கு காரணம் நிறைய இருக்கு, ஆனா ஒரே ஒரு பொருளை கையில எடுத்துப் பாத்தா அதுல பாதிக் கதை தெரிஞ்சிடும். டெனாரியஸ்னு அவங்க அடிச்ச வெள்ளிக்காசு.

முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துல ஒரு டெனாரியஸ் சுமார் 3.9 கிராம், கிட்டத்தட்ட சுத்த வெள்ளி, 97 சதவீதத்துக்கு மேல. அந்த காசுலதான் படைவீரனுக்கு சம்பளம், ஒரு சாதாரண லீஜியன் வீரனுக்கு வருஷத்துக்கு 225 டெனாரியஸ். அரசோட மொத்த செலவுல பாதிக்கு மேல படைக்கே போச்சு. இங்க ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கணும், அந்த அரசுக்கு காகித நோட்டு கிடையாது, கடன் பத்திரம் கிடையாது, மத்திய வங்கி கிடையாது. இந்த வருஷம் பணம் பத்தலன்னா அடுத்த வருஷத்து வருமானத்தைக் காட்டி கடன் வாங்கற ஏற்பாடே இல்ல. சுரங்கத்துலேர்ந்து உலோகம் வரணும், இல்ல வரி வரணும், இல்ல பக்கத்து நாட்டை ஜெயிச்சு கொள்ளையடிச்சு வரணும். பேரரசர் டிராஜன் 106-ல டேசியாவை, அதாவது இன்னைக்கு ருமேனியா இருக்கற இடத்தை, பிடிச்சப்போ வந்த தங்கம்தான் அந்த மாதிரி கடைசிப் பெரிய வரவு. அதுக்கப்புறம் எல்லை கிட்டத்தட்ட நின்னுபோச்சு, வரவும் நின்னுபோச்சு, செலவு மட்டும் நிக்கல.

அப்போ மிச்சம் இருந்த ஒரே வழி காசுல கை வைக்கறது. இதை பெரிய அளவுல ஆரம்பிச்சு வச்சது பேரரசர் நீரோ. 64-ல ரோம் நகரத்துல பெரிய தீ விபத்து, அதே வருஷம் காசோட எடையை சுமார் 3.4 கிராமா குறைச்சாரு, வெள்ளியோட பங்கையும் சுமார் 80 சதவீதமா இறக்கினாரு. கணக்கு போட்டுப் பாருங்க. முன்னாடி ஒரு ரோமன் பவுண்டு வெள்ளியை, அதாவது சுமார் 325 கிராமை, வச்சு 86 காசு அடிக்கலாம். இப்போ அதே வெள்ளியில 120 காசு. சுரங்கத்துல ஒருத்தன்கூட புதுசா தோண்டல, வரி ஒரு பைசா ஏறல, ஆனா கஜானாவுல மூணுல ஒரு பங்குக்கு மேல காசு கூடிடுச்சு. இந்த சுகத்தை ஒரு தடவை பாத்துட்ட எந்த அரசும் அதை மறக்காது.

சரி, அஞ்சுல ஒரு பங்கு செம்பு கலந்தா காசு நிறம் மாறி மக்கள் கண்டுபிடிச்சிட மாட்டாங்களான்னு கேப்பீங்க. இங்கதான் அந்தப் பட்டறையோட கைவேலையைப் பாக்கணும். வெள்ளியும் செம்பும் கலந்து வார்த்த வெறும் வட்டத்தை முதல்ல காத்துல நல்லா சூடு பண்ணுவாங்க. வெள்ளி அவ்ளோ சீக்கிரம் ஆக்சிஜனோட சேராது, செம்பு சேரும். அதனால மேற்பரப்புல இருக்கற செம்பு மட்டும் கறுத்து ஆக்சைடா மாறிடும். அப்புறம் அதை புளிச்ச அமிலக் கரைசல்ல போட்டா அந்த ஆக்சைடு கரைஞ்சு போயிடும், மேல வெள்ளி மட்டும் சின்னச் சின்ன துளையோட பஞ்சு மாதிரி நிக்கும். அதுக்கப்புறம் அச்சுக்கு நடுவுல வச்சு சுத்தியலால ஓங்கி அடிக்கும்போது பேரரசர் முகமும் பதியும், அந்தத் துளை எல்லாம் நசுங்கி மூடி பளபளன்னு ஒரு வெள்ளித் தோலும் வந்திடும். உள்ள செம்பு கலந்த உலோகம், வெளிய சுத்த வெள்ளி. இந்த வேலை எவ்ளோ நேர்த்தின்னா நம்ம காலத்து விஞ்ஞானிகளையே பல வருஷம் ஏமாத்திடுச்சு. எக்ஸ் கதிர் சோதனையில மேல்தோலை மட்டும் அளந்துட்டு நீரோ காசுல 90 சதவீதத்துக்கு மேல வெள்ளின்னு எழுதி வச்சிருந்தாங்க, அப்புறம் காசோட ஓரத்துல மெல்லிய துளை போட்டு உள்ளேர்ந்து உலோகத்தை எடுத்து சோதிச்சப்போதான் உண்மையான அளவு தெரிஞ்சது.

ஆனா அந்தக் காலத்து வியாபாரிகளுக்கு எடைக்கல்லும் உரைகல்லும் இருந்துச்சு. தமிழ்நாட்டுல, குறிப்பா கோயம்புத்தூர் வட்டாரத்துல, புதையலா கிடைச்ச ரோமன் வெள்ளிக்காசுகள்ல பெரும்பகுதி அகஸ்டஸும் டைபீரியஸும் அடிச்சதுதான், நீரோ கலப்படம் பண்ணதுக்கு அப்புறமான வெள்ளிக்காசு இங்க ரொம்ப அபூர்வம். மிளகு வித்தவங்க நல்ல காசா பாத்து வாங்கியிருக்காங்கன்னு பல ஆய்வாளர்கள் இதுக்கு விளக்கம் சொல்றாங்க, எனக்கும் அதுதான் நியாயமா படுது.

அடுத்த அடி ரெண்டாம் நூற்றாண்டோட பின்பாதியில. 165 வாக்குல கிழக்குலேர்ந்து திரும்பின படையோட ஒரு கொள்ளைநோய் உள்ள வந்துச்சு, பெரியம்மையா இருக்கலாம்னு நினைக்கிறாங்க, வருஷக்கணக்குல நின்னு சாம்ராஜ்யம் முழுக்க பரவிச்சு. வரி கட்டறவன் செத்தான், படைக்குப் போறவன் செத்தான், சுரங்கத்துல வேலை பாத்தவனும் செத்தான். இதுக்கு சாட்சி கிரீன்லாந்து பனியில இருக்குங்கறது எனக்கு இன்னமும் ஆச்சரியமா இருக்கு. வெள்ளித்தாதை உருக்கும்போது அதுல இருக்கற ஈயம் புகையா மேல போகும், காத்துல அடிச்சுட்டுப் போய் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி பனியோட பனியா படியும், வருஷா வருஷம் அடுக்கடுக்கா. அந்தப் பனியைத் துளைச்சு எடுத்து அளந்து பாத்தா இந்த நோய்க் காலத்துல ஈயத்தோட அளவு சரசரன்னு இறங்குது. ஸ்பெயின் பக்கத்து சுரங்கங்கள்ல உலை அணைஞ்சிருக்கு. அதே நேரம் டான்யூப் ஆத்து எல்லையில வருஷக்கணக்கா போர். அப்போ பேரரசரா இருந்த மார்க்கஸ் ஆரேலியஸ் அரண்மனைச் சாமானையே ஏலம் விட்டதா பழைய வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்காங்க.

இதுவரைக்கும் நடந்தது கஷ்ட காலம்னு சொல்லலாம். இனிமே நடந்தது அரசியல், என் கணிப்புல ரோமோட முதுகெலும்பு முறிஞ்ச இடம் இதுதான். 193-ல பெர்டினாக்ஸ்ங்கற பேரரசரை அவரோட காவல்படையே கொன்னுச்சு, கொன்னுட்டு பதவியை ஏலத்துல விட்டுச்சு. ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ் (நாலு செஸ்டர்ஸ் ஒரு டெனாரியஸ்) தர்றேன்னு சொல்லி டிடியஸ் ஜூலியானஸ் எடுத்தாரு, 66 நாள் இருந்தாரு, அவரையும் கொன்னாங்க. கடைசியில ஜெயிச்ச செப்டிமியஸ் செவரஸுக்கு ஒண்ணு நல்லா புரிஞ்சிடுச்சு, செனட்டும் சட்டமும் பேருக்குத்தான், படைதான் எல்லாம்னு. படையைப் பெருசாக்கினாரு, சம்பளத்தை ஏத்தினாரு, காசுல வெள்ளியைக் கிட்டத்தட்ட பாதியா இறக்கினாரு. 211-ல சாகும்போது மகன்களுக்கு அவர் சொன்னதா வரலாற்று ஆசிரியர் காஸியஸ் டியோ எழுதி வச்சிருக்காரு: ஒத்துமையா இருங்க, படைவீரர்களை பணக்காரங்களாக்குங்க, மத்த யாரையும் கண்டுக்காதீங்க. மகன் காரகல்லா முதல் பாதியைக் கேக்கல, தம்பியையே கொன்னாரு. ரெண்டாம் பாதியை அப்படியே பிடிச்சுக்கிட்டு படைச் சம்பளத்தை இன்னொரு பாதி ஏத்தினாரு, 215-ல ஒரு புதுக் காசும் விட்டாரு. அதுக்கு மதிப்பு ரெண்டு டெனாரியஸ்னுதான் பொதுவா கணிக்கிறாங்க, ஆனா உள்ள இருந்த வெள்ளி ஒன்றரை டெனாரியஸ் அளவுக்குத்தான்.

இப்போ இந்த சக்கரம் எப்படி சுத்துதுன்னு பாருங்க. சம்பளம் தர கலப்படக் காசு அடிக்கணும், கலப்படக் காசால சம்பளத்தோட உண்மையான மதிப்பு குறையும், குறைஞ்சா வீரனுக்கு கோபம் வரும், அந்த நேரம் பாத்து பக்கத்து முகாம் தளபதி நான் கூட தர்றேன்னு சொல்லுவாரு, இவங்க பழைய ஆளைக் கொன்னுட்டு அவரைத் தூக்கி உக்கார வைப்பாங்க, புதுசா வந்தவர் சொன்ன வாக்கைக் காப்பாத்த பதவியேத்த அன்னைக்கே இனாம் தரணும், கஜானாவுல வெள்ளி இல்ல, இன்னும் கொஞ்சம் செம்பு கலக்கணும். 235-ல பேரரசர் அலெக்சாண்டர் செவரஸை மைன்ஸ் நகரத்துக்கிட்ட அவரோட வீரர்களே கொன்னதுலேர்ந்து 284 வரைக்கும் 20 பேருக்கு மேல பேரரசர் ஆனாங்க, படுக்கையில செத்தவங்க ரொம்ப கம்மி. எல்லையில நிக்க வேண்டிய படை உள்ளுக்குள்ளயே ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிட்டு நின்னுச்சு, காலி ஆன எல்லை வழியா எதிரி உள்ள வந்தான். 260-ல வலேரியன் பேரரசரையே பாரசீக மன்னர் ஷாபூர் உயிரோட பிடிச்சாரு. அதே வருஷம் பிரான்ஸ் பக்கம் போஸ்டுமஸ் தனி அரசு ஆரம்பிச்சாரு, பத்து வருஷத்துல கிழக்குல சிரியா பக்கத்து பால்மைரா ராணி ஸெனோபியாவும் பிரிஞ்சாங்க. 260-கள் முடியும்போது காசுல வெள்ளி 5 சதவீதத்துக்கும் கீழ, மேல இருந்த வெள்ளித்தோல் விரல் பட்டு பட்டு தேய்ஞ்சா உள்ள செம்பு பல்லிளிச்சுது.

ஆச்சரியம் என்னன்னா வெள்ளி இப்படிப் பாதாளத்துக்குப் போனாலும் விலைவாசி அதே வேகத்துல ஏறல. ரோமுக்குக் கீழ இருந்த எகிப்துல மண்ணுக்குள்ள கிடைச்ச பாப்பிரஸ் (நாணல் தாள்) கணக்குகள்ல கோதுமை விலையைப் பாத்தா நோய்க்காலத்துக்கு அப்புறம் ஒரு ஏத்தம், அதுக்கப்புறம் ரொம்ப வருஷத்துக்கு பெருசா மாத்தமில்ல. எகிப்துல தனிக் காசுதான் புழங்குச்சு, அதுலயும் வெள்ளி குறைஞ்சுகிட்டேதான் வந்துச்சு, ஆனாலும் ஜனங்க வாங்கினாங்க. ஏன்னா காசோட மதிப்பு உலோகத்துல மட்டும் இல்ல, நாளைக்கு இதை அடுத்தவன் வாங்குவாங்கற நம்பிக்கையிலயும் இருக்கு, வரி கட்டப் போனா அரசு இதை வாங்கிக்கும்ங்கறதுலயும் இருக்கு. ஆனா நம்பிக்கை விரிசல் விட்டது தெரியுது. 260-ல எகிப்துல ஆக்ஸிரிங்கஸ் ஊர்ல காசு மாத்தறவங்க பேரரசரோட காசை வாங்க மாட்டோம்னு கடையையே மூடிட்டாங்க, உடனே திறங்க, பேரரசர்களோட தெய்வீகக் காசை வாங்குங்க, இல்லன்னா தண்டனைன்னு அதிகாரி போட்ட உத்தரவு பாப்பிரஸ்ல அப்படியே இருக்கு. கட்டளை போட்டு வாங்க வைக்க வேண்டிய நிலைமைக்கு ஒரு காசு வந்துட்டா அதோட ஆயுசு எண்ணப்பட்டாச்சு. நல்ல பழைய காசு வச்சிருந்தவன் அதை வெளிய எடுக்கல, பானையில போட்டு புதைச்சான். பல்கேரியாவுல ரேகா டெவ்னியாங்கற இடத்துல 1929-ல 80,000-க்கும் மேல வெள்ளிக்காசு ஒரே புதையலா கிடைச்சிருக்கு.

பிரிஞ்சதை எல்லாம் திரும்ப ஒட்ட வச்ச பேரரசர் ஆரேலியன்தான் காசையும் ஒழுங்குபடுத்தப் பாத்தாரு. 271-ல ரோம் நகர காசுப் பட்டறை ஆளுங்களே கலகம் பண்ணாங்க, அதை அடக்கறதுல 7,000 வீரர்கள் செத்ததா ஒரு பழைய குறிப்பு சொல்லுது. 274-ல புதுக் காசு விட்டாரு, பாத்தா தரமான காசுதான், ஆனா எகிப்துல சரியா அந்த நேரத்துலதான் விலை பத்து மடங்கு வாக்குல ஒரே தாவா தாவுது. பழைய காசு எவ்ளோ மட்டம்னு அரசே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. அடுத்த வருஷமே ஆரேலியனையும் கொன்னுட்டாங்க.

301-ல பேரரசர் டயோக்ளீஷியன் ஆயிரத்துக்கும் மேல பொருளுக்கும் வேலைக்கும் உச்சவரம்பு விலை போட்டாரு, மீறினா மரண தண்டனை. முடிதிருத்தறவருக்கு தலைக்கு 2 டெனாரியஸ், வயல்ல கூலிக்குப் போறவருக்கு சாப்பாடு போட்டு நாளுக்கு 25 டெனாரியஸ், ஒரு பவுண்டு தங்கம் 72,000 டெனாரியஸ். அகஸ்டஸ் காலத்துல அதே ஒரு பவுண்டு தங்கம் ஆயிரம் டெனாரியஸ் சொச்சம்தான். உத்தரவு வந்ததும் பயத்துல சந்தையில சரக்கே காணாமப் போச்சுன்னு அந்தக் காலத்துல வாழ்ந்த லாக்டான்டியஸ் எழுதியிருக்காரு. டயோக்ளீஷியனைப் பிடிக்காத ஆளு, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பாரு, ஆனா திட்டம் பலிக்கலங்கறது உண்மை.

விலைவாசியை விட மோசமான பாதிப்பு வேற. தன் காசை தானே நம்பாத அரசு, வரியை தானியமா, துணியா, மாடா, வண்டிச் சவாரியா வாங்க ஆரம்பிச்சுது. காசா வாங்கினா யார் எங்க போனாலும் வரி கட்டலாம், பொருளா வாங்கணும்னா உழவன் அதே நிலத்துல இருந்தாகணும், ரொட்டி சுடறவர் மகனும் ரொட்டியே சுட்டாகணும். அதனால சட்டம் போட்டு கட்டிப் போட்டாங்க. 332-ல பேரரசர் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டப்படி ஓடிப்போற குத்தகை விவசாயியை பிடிச்சு விலங்கு மாட்டலாம். ஊர் மன்ற உறுப்பினர் பதவி முன்னாடி கௌரவம், காசு போட்டு குளியல் மண்டபமும் அரங்கமும் கட்டிக் குடுத்து பேர் வாங்குவாங்க, இப்போ ஊர் வரியில குறைஞ்சா தன் சொத்துலேர்ந்து கட்டணும், மகனும் கட்டணும், விலகவும் முடியாது. விலக முடிஞ்ச பெரும்பணக்காரங்க செல்வாக்கை வச்சு விலகினாங்க, பாரம் முழுக்க நடுத்தட்டு மேல விழுந்துச்சு. கான்ஸ்டன்டைனோட சாலிடஸ் தங்கக்காசு, பவுண்டுக்கு 72, அருமையான காசு, சாம்ராஜ்யத்தோட கிழக்குப் பாதியில 700 வருஷம் தரம் குறையாம ஓடுச்சு, ஆனா அது கையில இருந்தவனுக்குத்தான் வாழ்வு, செம்புச் சில்லறையில கூலி வாங்கினவனுக்கு ஒண்ணும் மாறல.

அஞ்சாம் நூற்றாண்டுல சால்வியன்ங்கற பாதிரியார் எழுதறாரு, வரி வசூல் கொடுமை தாங்காம ஏழை ரோமானியர்கள் ஜெர்மானிய இனமான கோத் மக்கள்கிட்டயே ஓடிப்போய் வாழறாங்க, திரும்பி வர அவங்களுக்கு மனசே இல்லன்னு. 439-ல வாண்டல்கள்ங்கற இன்னொரு ஜெர்மானிய இனம் வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜைப் பிடிச்சப்போ மேற்கு ரோமோட பணக்கார வரிப் பிரதேசமும் போச்சு, அதுக்கப்புறம் படைக்கு சம்பளம் தரவே வழியில்ல. மேற்கு ரோம் விழுந்ததா சொல்ற 476-ல நடந்ததும் வெளிப் படையெடுப்பு இல்ல. இத்தாலியில ரோமுக்காக வேலை பாத்த படைவீரர்கள் எங்களுக்கு மூணுல ஒரு பங்கு நிலம் குடுங்கன்னு கேட்டாங்க, அப்போ அதிகாரத்துல இருந்த ஒரெஸ்டஸ் முடியாதுன்னாரு, ஒடோவாகர் அந்த வீரர்களுக்குத் தலைமை ஏத்து ஒரெஸ்டஸைக் கொன்னுட்டு அவர் மகன், பேரரசர் ரோமுலஸ் அகஸ்டுலஸை இறக்கிட்டாரு. சின்னப் பையன்னு உயிரோட விட்டு, வருஷத்துக்கு 6,000 சாலிடஸ் குடுத்து தெற்கு இத்தாலிக்கு அனுப்பி வச்சாரு.