கொட்டாங்குச்சிக் கரியில் ஹைட்ரஜன் நிற்குமா?

2025 ஜூலையில் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். அப்புறம் ஒரு வாசகர் கேட்டார்: “சிலிண்டருக்குப் பதிலா கரியிலேயே ஹைட்ரஜனை அடைக்கலாமாமே, நிஜமா சார்?”

ஹைட்ரஜனின் தொல்லை எடை அல்ல, இடம். ஒரு கிலோ ஹைட்ரஜன் ஒரு கிலோ பெட்ரோலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல் தரும். ஆனால் சென்னை வெயிலில் அது 12,000 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அதனால் கார்களில் 700 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 700 மடங்கு அழுத்தத்தில் அமுக்குகிறார்கள். இல்லையென்றால் மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும். இரண்டுமே செலவு.

சரி, கரி. காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சியைச் சுட்டு, நீராவி பாய்ச்சி ஆக்டிவேட்டட் கார்பன் செய்கிறார்கள். வாட்டர் ஃபில்டருக்குள் இருப்பதும் இதுதான். அது முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள்; அவற்றின் சுவர்களையெல்லாம் சேர்த்தால் ஒரு கிராமின் உள்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது நாலு கிரவுண்டுக்கு மேல். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கினால் 13 கிரவுண்டு வரை போகும். (அண்ணா நகர் ரேட்டில் கணக்குப் போடாதீர்கள்.)

பரப்பைவிட எனக்குப் பிடித்தது துளையின் அகலம். ஹைட்ரஜன் கரியோடு வேதிவினை எதுவும் புரிவதில்லை. மூலக்கூறின் எலெக்ட்ரான்கள் ஒரு கணம் ஒரு பக்கம் சாய, எதிரிலுள்ள கார்பனின் எலெக்ட்ரான்களும் அதற்கேற்ப நகர, மெல்லிய ஈர்ப்பு பிறக்கிறது: வாண்டர்வால்ஸ் விசை. கொஞ்சம் தள்ளிப் போனாலே அது காணாமல் போய்விடும். 2 நானோமீட்டர் துளையின் நடுவில் நிற்கும் மூலக்கூறை எந்தச் சுவரும் சட்டை செய்யாது. அகலம் 0.7 நானோமீட்டர் என்றால் கதையே வேறு. மூலக்கூறு சுமார் 0.3, இரண்டு சுவர்களும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. வெளியே பரந்து கிடக்கும் வாயு உள்ளே நெருங்கி உட்காருகிறது. பிணைப்பு எதுவும் இல்லாததால், அழுத்தத்தைக் குறைத்ததும் சட்டென்று வெளியே வந்துவிடும்.

அந்த மென்மையே சிக்கலாகவும் அமைகிறது. ஈர்ப்பு மோலுக்குச் சுமார் 5 கிலோஜூல். அறை வெப்பத்தில் பிடித்து வைக்க 15 போல வேண்டும். மைனஸ் 196 டிகிரியில் ஒரு கிராமின் உள்பரப்பில் ஒவ்வொரு 500 சதுர மீட்டருக்கும், எடையில் ஏறக்குறைய 1 சதவீதம் ஹைட்ரஜன் ஒட்டும். அறை வெப்பத்தில் 100 பார் கொடுத்தாலும் மொத்தமே 1 சதவீதத்தைத் தாண்டுவது கஷ்டம்.

1998இல் ஓர் ஆய்வுக்குழு, கிராஃபைட் நானோ இழைகள் தம் எடையைவிட அதிக ஹைட்ரஜனை வாங்குவதாக அறிவித்தது. வேறு யாருக்கும் அது வரவில்லை. கலனுக்குள் வாயுவை விட்டு, அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் ஒட்டிய அளவைக் கணக்கிடுவார்கள். மாதிரி துளியூண்டாக இருந்தால், சின்னக் கசிவுகூடக் கரி குடித்ததாகக் கணக்கில் ஏறிவிடும். மூலிகை பெட்ரோலை வாய்பிளந்து பார்த்த ஊர் நம்முடையது. புதுப் பொருளுக்குக் கொட்டும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை, அடுத்த லேப் சொன்னதை மறுபடி அளந்து பார்க்கவும் ஒதுக்கலாம்.